வட்ட முகத்துக்கு வட்டக் கண்ணாடி ஆகாது

கண்ணாடிக் கடையில், முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே அந்த அட்டையை ஒட்டிவைத்திருந்தார்கள். ஐந்து பெண் முகங்கள். கூந்தல் உண்டு; கண், மூக்கு, வாய் கிடையாது. ஒன்று முட்டை வடிவம், மற்றவை வட்டம், சதுரம், இதயம், வைரம். ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் பொருந்துகிற ஃபிரேம்களுக்குப் பச்சைக் குறி, பொருந்தாதவற்றுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. நான் எடுத்து வைத்திருந்தது மெல்லிய கம்பியில் இரண்டு வட்டம், கரும்பச்சை லென்ஸ். கடையில் இருந்த தம்பி அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். "உங்களுக்கு ரவுண்ட் ஃபேஸ் மேடம். இது போட்டா இன்னும் குண்டாத் தெரியும். ஸ்கொயர் எடுங்க, ஒல்லியாக் காட்டும்."

ஒல்லியாகத் தெரிவதற்காக நான் அங்கே போகவில்லை. தினமும் ஸ்கூட்டியில் துறைமுகச் சாலை வழியாகக் கல்லூரிக்குப் போய்வருகிறேன். நிலக்கரி லாரி, உப்பு லாரி, எதிர்வெயில், கடற்காற்று. இடது கண்ணின் வெள்ளைப் பகுதியில் மூக்கை ஒட்டி ஒரு சிறு சதை வளரத் தொடங்கியிருக்கிறது, அது கருவிழியை எட்டக்கூடாது என்றால் இனி கண்ணாடி இல்லாமல் வெயிலில் போகாதீர்கள் என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தார். வெயிலிலும் தூசியிலும் காற்றிலும் நாள் கழிப்பவர்களுக்கு அதிகம் வருகிற சதை அது. இதைக் கடையில் சொன்னேன். தம்பி தலையாட்டிவிட்டு, "ஆமா மேடம், கருவளையமும் வராது" என்றார்.

அந்த அட்டையை ஒரு பிரதியாக வாசிக்கலாமே என்று தோன்றியது அப்போதுதான். இலக்கியம் நடத்துகிறவர்களின் தொழில்நோய்.

முட்டை வடிவ முகத்துக்குக் கீழே சிவப்புக் குறியே இல்லை. அதற்கு எல்லாம் பொருந்தும். மற்ற நான்கு முகங்களுக்குமான ஆலோசனைகள் ஒரே திசையில் தள்ளுகின்றன. வட்ட முகத்துக்குக் கோணம் கொடு. சதுர முகத்தின் தாடையை மென்மையாக்கு. இதய முகத்தின் அகன்ற நெற்றியிலிருந்து பார்வையைக் கீழே இறக்கு. வைர முகத்தின் கன்ன எலும்பைத் தணி. நான்கையும் முட்டையாக்குவதுதான் மொத்த வேலை. முட்டை ஏன் உயர்ந்தது என்று அட்டை ஓரிடத்திலும் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அது இயல்பாகிவிட்டது. இன்னொன்று, முகம் வாழ்நாள் முழுவதும் ஒரே வடிவில் இருக்கிறது என்று அட்டை நம்புகிறது. என் அம்மாவுக்குக் கடைவாய்ப் பற்கள் போனபோது முகமும் போயிற்று. எனக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு ஒரு முகம், தைராய்டு மாத்திரைக்குப் பிறகு ஒரு முகம். ஆண்கள் பகுதியில் இப்படி ஓர் அட்டை இல்லை. அங்கே ஒரு நடிகரின் படம் இருந்தது. ஆணுக்குக் கொடுக்கப்படுவது ஒரு பாவனை, பெண்ணுக்குக் கொடுக்கப்படுவது ஒரு குறைத்தீர்ப்புச் சீட்டு.

இதை மேற்கிலிருந்து வந்த கேடு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. சாமுத்திரிகா லட்சணம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு பெண்ணின் நெற்றியையும் பாதத்தையும் அளந்து வீட்டுக்கு ஆவாளா ஆகமாட்டாளா என்று தீர்ப்பு எழுதியவர்கள் நாம். ஆனால் அந்தப் பழைய தராசிலே வட்ட முகம் ஜெயித்தது. முழுமதி முகம் என்று நம் கவிஞர்கள் சலிக்கச் சலிக்கப் பாடியிருக்கிறார்கள். நிலவு வளர்ந்து தேய்வதைக்கூடக் குறையாகச் சொல்லி, அவள் முகமோ தேயாத வட்டம் என்று உயர்த்தியிருக்கிறார்கள். அதே வட்டம் இன்று கண்ணாடிக் கடையில் சிவப்புப் பெருக்கல் குறி. பாட்டியின் முகத்தைப் புகழ்ந்த அதே வடிவத்துக்காகப் பேத்தி சதுர ஃபிரேம் வாங்குகிறாள். அளவுகோல் தலைகீழாகிவிட்டது; அளக்கப்படுகிறவள் மட்டும் மாறவில்லை. ஊர்ப்பேச்சில் "களையான முகம்" என்கிறார்களே, அது எனக்குப் பிடிக்கும். களைக்கு வடிவம் கிடையாது.

வட்டத்துக்கு இந்தக் கரையில் வேறொரு வரலாறும் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், ராஜராஜன் காலத்தில் கோயிலுக்கு அளிக்கப்பட்ட நகைகளில் பதித்த முத்துகளை எண்ணி, எடைபோட்டு, வகை பிரித்துச் சொல்கின்றன. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று போகிறது பட்டியல். நிறத்துக்குக் குளிர்ந்த நீர், சிவந்த நீர். எம்.ஃபில். மாணவியாக இதை முதலில் படித்தபோது, கரடுமுரடான முத்துக்கும் ஒட்டிப்பிறந்த முத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்து அவற்றையும் கோத்திருக்கிறார்களே என்று மகிழ்ந்துபோனேன். இப்போது அவ்வளவு மகிழ முடியவில்லை. பெயர் வைத்தது விலை வைப்பதற்குத்தான். முழு வட்டமான ஆணிமுத்துதான் எப்போதும் உச்சி. மற்றவை அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதே தரம். அனுவட்டம் என்ற சொல்லிலேயே வட்டத்தைப் பின்தொடர்ந்து ஓடி எட்டமுடியாத ஒரு மூச்சிரைப்பு கேட்கிறது எனக்கு. எங்கள் அட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது, உச்சியில் வட்டத்துக்குப் பதில் முட்டையை வைத்திருக்கிறது, அவ்வளவே.

கடைசியாக இங்கே முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதற்குப் பின் 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. உருண்டையாகக் கடைந்த ஒரு மணியைச் சிப்பிக்குள் வைத்துவிட்டால் சிப்பி அதன்மேல் பூச்சுப் பூசும். உள்ளே வைத்தது உருண்டை என்றால் வெளியே வருவதும் உருண்டை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் நடப்பது இதற்கு நேரெதிர். எந்த லென்ஸும் முதலில் வட்டமாகத்தான் வருகிறது. சதுரம், பூனைக்கண், விமானி வடிவம் எல்லாம் அந்த வட்டத்தை ஃபிரேமுக்கேற்ப வெட்டி எடுத்தவை. காந்தியும் அம்பேத்கரும் போட்டிருந்த அந்த வட்டக் கண்ணாடிகளைப் பார்த்து அவர்களுடைய முகவடிவத்துக்கு அவை பொருந்துமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. காந்தியின் கண்ணாடி ஒன்று 2020-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2,60,000 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. அம்பேத்கர் சிலைகளில் கோட்டும் புத்தகமும்போல அந்த வட்டமும் சிந்தனையின் அடையாளமாக உறைந்துவிட்டது. பெண் போட்டால் குண்டாகத் தெரியும்.

கூலிங் கிளாஸுக்கு வருவோம். தமிழ்நாட்டில் அது அதிகாரத்தின் பொருள். எம்.ஜி.ஆரைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் ஒரு சுவரோவியக்காரர் வரையமாட்டார். விபத்தில் கண் பாதிக்கப்பட்டதால் மு. கருணாநிதி அணியத் தொடங்கிய கண்ணாடி மஞ்சள் துண்டைப்போல அவருடைய கையெழுத்தாகவே ஆனது. ரஜினிகாந்த் கண்ணாடியைச் சுழற்றி மாட்டினால் கொட்டகை எழுந்து நிற்கும். இவர்களில் ஒருவருடைய கண்ணையும் நாம் பார்ப்பதில்லை. அவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதாக மட்டும் உணர்கிறோம். கறுப்புக் கண்ணாடி தரும் சலுகை இதுதான்: பார்க்கப்படாமல் பார்ப்பது.

பெண்ணுக்கு அது ஏன் உறுத்துகிறது என்பது இங்கே பிடிபடுகிறது. நம் கவிதை மரபில் பெண்ணின் கண் கயல், குவளை, மான், வேல், வாள். கண்ணைப் பற்றி இவ்வளவு பேசிய ஒரு மரபு, அந்தக் கண் எதைப் பார்த்தது என்பதை அதற்கு ஈடாகப் பேசவில்லை. சங்கத் தலைவியின் கண் பசலை பூக்கிறது, நீர் வார்க்கிறது. ஆக, அவளுடைய கண்ணும் பிறர் வாசிப்பதற்கான ஏடு. கறுப்புக் கண்ணாடி போட்டவள் அந்த ஏட்டை மூடிவிடுகிறாள். திமிர் என்று பெயர் வருகிறது. நம் சினிமாவில் பட்டணத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ கூலிங் கிளாஸோடு வந்து இறங்குகிறவள் கடைசி ரீலில் என்ன ஆவாள் என்பது இடைவேளைக்கு முன்பே நமக்குத் தெரியும்.

நான் முதன்முதலாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனபோது அம்மா கேட்டது: "ஏட்டி, கண்ணு வலியா?" கல்லூரியில் ஒரு மூத்த பேராசிரியர் கேட்டது: "என்னம்மா, ஷூட்டிங்கா?" இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் வெறுமனே வெயிலுக்காகக் கண்ணாடி போடுவதற்கான இடம் எங்கள் ஊரில் இல்லை. அம்மாவின் கேள்விதான் எனக்கு அதிகம் உறைத்தது. எங்கள் தெருவில் கறுப்புக் கண்ணாடி போட்ட பெண்கள் உண்டு. எல்லோரும் கண்புரை அறுவைச் சிகிச்சை முடித்து வந்தவர்கள். 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் அதைப் போன்றவையும் கிராமம் கிராமமாக முகாம் போட்டு ஆட்களை அழைத்துப்போய்ப் பார்வையைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. அறுவை முடிந்து திரும்பும் கிழவிகளின் முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார்கள். என் பெரியம்மா குணமான பிறகும் நாலு மாதம் கழற்றவில்லை. "போறவ வாரவளயெல்லாம் பாக்கலாம், நாம பாக்குறது ஒருத்திக்கும் தெரியாது" என்று சிரித்தாள். எழுபது வயதில், புரை வந்த பிறகு, இலவசமாகக் கிடைத்த சலுகை.

புரை வருவதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகள் அவள் கண் எங்கே இருந்தது? அளத்தில்.

எங்கள் ஊர்க் கோயில் பனிமய மாதா. பனியே பார்க்காத ஊரில் பனியின் பெயரால் ஒரு மாதா. ஆனால் வெள்ளை இங்கே குறைவில்லை. முத்தையாபுரத்திலிருந்தும் வேப்பலோடையிலிருந்தும் பார்த்தால் உப்பு அம்பாரங்கள் பனிமலைபோலத்தான் நிற்கும். பனிப்பிரதேசத்தின் இனுயிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் மெல்லிய பிளவு வைத்த கண்மறைப்பு செய்து போட்டார்கள். பனியில் தெறிக்கிற வெளிச்சம் கண்ணை அவித்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். புறஊதாக் கதிர் எதில் எவ்வளவு தெறிக்கும் என்று வழக்கமாகக் காட்டப்படும் பட்டியலில் புதுப்பனி 80 சதவீதம் வரை, கடல்நுரை சுமார் 25, உலர்ந்த மணல் சுமார் 15 என்று இருக்கும். பனிச்சறுக்குக்குப் போகிறவர்களையும் கடற்கரையில் விடுமுறை கழிக்கிறவர்களையும் நினைத்துப் போட்ட பட்டியல் என்று தோன்றுகிறது. உப்பளம் அதில் இல்லை.

ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை வைத்துக் 'கரிப்பு மணிகள்' எழுதியது 1979-இல். வகுப்பில் அதை நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, "எங்கம்மா அளத்துலதான் மேம் வேல பாக்குறாங்க" என்றாள். மதியம் வீட்டுக்குள் நுழைந்ததும் கொஞ்ச நேரம் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, சுவரைத் தடவித்தான் அடுப்படிக்குப் போவாள் என்றாள். கண்ணாடி ஒருமுறை கொடுத்தார்களாம். எல்லோருக்கும் ஒரே அளவு. ஆண்களுக்குச் செய்ததுபோல் அகலம். தலையில் சும்மாடும் அதன்மேல் உப்புப் பெட்டியும் இருக்கும்போது, வியர்வையில் மூக்கில் வழுக்கி இறங்குகிற கண்ணாடியை ஏற்றிவிடக் கை கிடையாது. பரணில் போட்டுவிட்டார்கள்.

என் அட்டை வாசிப்பு இந்த இடத்தில் கொஞ்சம் திருத்தப்பட வேண்டியதாயிற்று. முகத்தை அளப்பதே வன்முறை என்று நான் எழுதத் தயாராக இருந்தேன். ஆனால் அளக்காமல் செய்த கண்ணாடிதான் பரணில் கிடக்கிறது. முகம் அளக்கப்பட வேண்டும்; எதற்காக என்பதில்தான் சண்டை. கன்னம் ஒல்லியாகத் தெரிகிறதா என்பதற்குப் பத்து அளவு வைத்திருக்கும் கடை, மூக்குத்தண்டின் உயரத்துக்கு ஓர் அளவும் வைத்திருக்கவில்லை.

பிறகு நானே படித்தும் போட்டுப்பார்த்தும் தெரிந்துகொண்டவை: கண்ணாடிக் காலின் உட்புறம் மூன்று எண்கள் இருக்கும், 47, 21, 145 என்பதுபோல. லென்ஸின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், காலின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். மூக்குத்தண்டு தாழ்ந்த நம்மைப் போன்றவர்களுக்குப் பாலம் ஒரே வார்ப்பாக இருக்கும் பிளாஸ்டிக் ஃபிரேம் நிற்பதில்லை, கன்னத்தில் உட்கார்ந்துகொள்கிறது. வட்டக் கம்பி ஃபிரேமில் பெரும்பாலும் தனி மூக்குப்பட்டைகள் இருக்கும். வளைத்து நம் மூக்குக்கு ஏற்றபடி வைக்கலாம். ஆக, வட்ட முகத்துக்கு ஆகாது என்ற அந்த ஃபிரேம் என் மூக்குக்கு ஆகும். அதற்காக ஜான் லென்னன் போட்டாரே, அந்தச் சின்ன வட்டம் கூடாது. மேலும் பக்கவாட்டிலும் வெளிச்சம் புகுந்துவிடும். புருவத்திலிருந்து கன்ன எலும்புவரை மூடுகிற பெரிய வட்டம்தான் பயன். கம்பிக்கு எங்கள் ஊரில் ஒரு சாபம், உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடிக்கும், திருகு துருவேறும். இரவில் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவைக்க வேண்டும், மூக்குப்பட்டையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கறுப்பாக இருந்தால் காப்பாற்றும் என்பது பொய். யுவி 400 என்று இருக்கிறதா என்பதே கேள்வி. அந்தத் தடுப்பு இல்லாத இருண்ட கண்ணாடி போட்டால், இருட்டென்று நினைத்துப் பாப்பா விரியும், கதிர் உள்ளே போகும், வெறுங்கண்ணைவிட மோசம். நீர்ப்பரப்பு, உப்புப்பாத்தி, தார்ச்சாலை என்று கிடைமட்டமாகக் கிடக்கும் பரப்பிலிருந்து வரும் கூச்சத்துக்குப் போலரைஸ்டு லென்ஸ் நல்லது. சாய்த்துப் பார்த்தால் செல்போன் திரை கறுத்துத் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். இவ்வளவையும் அந்தத் தம்பியிடமே கேட்டேன். தெரிந்த பிள்ளை அவர், அழகாக விளக்கினார். யாரும் கேட்பதில்லை மேடம் என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அட்டையை அச்சடித்தது அவரில்லை.

இன்னொரு முகத்தையும் அந்த ஐந்தோடு ஒட்ட ஆசை. முத்துக்குளித்தல் என்றால் இந்தக் கரையில் ஆண்கள்தான் மூழ்கினார்கள். ஜப்பானில் 'அமா' என்ற பெண்கள் மூழ்கினார்கள் என்று வியந்து பேசுவோம். இதே மன்னார் வளைகுடாவில், வடக்கே பாம்பன் பக்கத்தில், பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015-இல் சீக்காலஜி விருது பெற்றார். புகைப்படங்களில் அந்தப் பெண்கள் புடவைக்கு மேல் சட்டை போட்டு, முகத்தில் நீச்சல் கண்ணாடியை இறுக்கிக்கொண்டு நீரிலிருந்து தலைதூக்குகிறார்கள். கண்ணாடி போட்ட தமிழ்ப் பெண்ணின் படம் என்று ஒன்றைக் கேட்டால் இனி இதைத்தான் காட்டுவேன். ரப்பர் விளிம்பு கன்னத்தில் பதிந்த தடம்கூடத் தெரிகிறது. தண்ணீர் உள்ளே வரக்கூடாது, பாசி தெரிய வேண்டும். அந்த ஃபிரேம் பொருந்துகிறதா என்பதற்கு அவர்களிடம் இருக்கிற சோதனை அது.

நான் அந்த வட்டத்தையே வாங்கினேன், இரண்டு அளவு பெரிதாக. குண்டாகத்தான் தெரிகிறேன். கறுத்த தோலுக்குத் தங்கநிறக் கம்பி எடுபடாது என்றும் ஒரு சக ஆசிரியை சொன்னார். அது அட்டையில் இல்லாத விதி, அவராகச் சேர்த்தது.

மாணவியின் அம்மாவுக்கும் ஒன்று வாங்கினோம், மூக்குப்பட்டையை இறுக்கி, இரண்டு காலையும் இணைத்துப் பின்னந்தலையில் ஒரு கயிறு கட்டி. முதல் நாள் அளத்தில் "எம்.ஜி.ஆர். வந்தாச்சு" என்று கூவினார்களாம். பத்து மணிக்கு மேல் கேலி அடங்கியதாம். மதியத்துக்குள் ஆறு பேர் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒரே மாதத்தில் உப்பு உராய்ந்து லென்ஸ் முழுக்கக் கீறல். அடுத்ததற்கு ஆறு பேருக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். மாணவி ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். ஒவ்வொருத்தி மூக்கின் அகலத்தையும் ஸ்கேலால் அளந்து மில்லிமீட்டரில் எழுதியிருந்தாள். கீழே அம்மா சொன்னதாக ஒரு வரி: வட்டமோ சதுரமோ எதுவானாலும் சரி, கயிறு மட்டும் தோலை அறுக்காத கயிறாக இருக்கணுமாம்.